ரயில் ஹாரனை நிறுத்தச் சொல்லும் மனுவில் நான் ஏன் கையெழுத்திடவில்லை?

 

சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு இறங்கும்போது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் ஒரு தாளோடு வாசலில் காத்திருந்தார்கள். ரயில்வே நிர்வாகத்துக்கு எழுதிய மனு அது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எங்கள் பகுதியைக் கடக்கும் எந்த ரயிலும் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதே கோரிக்கை. "ஹஜ்ரத், நீங்க முதல் கையெழுத்துப் போட்டீங்கன்னா ஜமாஅத் முழுக்கப் போட்டுரும்" என்றார்கள்.

அவர்கள் வீம்புக்கு வந்தவர்கள் அல்லர். ஒருவருடைய மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பச்சைக் குழந்தை, இரவில் ஒவ்வொரு வண்டிக்கும் திடுக்கிட்டு அழுகிறது. இன்னொருவரின் அத்தாவுக்கு இதய அறுவை நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாமவர் பிரியாணிக் கடையில் இரவு ஒரு மணிவரை வேலை பார்த்துவிட்டு வந்து படுப்பவர். இவர்களின் தூக்கத்தைப் பற்றிய கேள்வி இது. தூக்கத்தை ஓய்வாக ஆக்கித் தந்திருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். அதை இழந்து நிற்பவர்களிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியல்ல.

ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும், கேட்டறிந்ததையும், பாதையோரம் நின்று பார்த்ததையும் ஜமாஅத்தாரிடம் சொன்னேன். ரயில் பாதையை ஒட்டிய மஹல்லாக்கள் தமிழகம் முழுவதும் இருப்பதால் அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான்கு திசைக்கும் பாதை

திண்டுக்கல் ஒரு சந்திப்பு நிலையம். தெற்கே அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு வழியாக மதுரைக்கும், வடகிழக்கே வடமதுரை, அய்யலூர் வழியாகத் திருச்சிக்கும், வடக்கே எரியோடு வழியாகக் கரூருக்கும், மேற்கே ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி, பொள்ளாச்சிக்கும் பாதைகள் பிரிகின்றன. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். பொள்ளாச்சிப் பாதை வந்தது 1928இல். மலைக்கோட்டையைச் சுற்றிச் சின்னதாக இருந்த ஊர் அதன்பின் விரிந்து விரிந்து, இன்று பாதைகளுக்கு இரு பக்கமும் வீடுகளாகிவிட்டது.

"பாதை முதலிலேயே இருந்தது, தெரிந்துதானே அங்கே போய் வீடு கட்டினீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதில் பாதிதான் உண்மை. பழைய பகுதிகளின் சந்துகளில் கூட்டுக் குடும்பமாக இருந்தவர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் ஊர் ஓரத்தில் இடம் தேடினார்கள். தோல் ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் உழைத்துச் சேர்த்த காசுக்கு எந்த மனை கிடைத்ததோ அதை வாங்கினார்கள். தண்டவாளத்தை ஒட்டிய மனை மலிவு. "ரயில்வே ஸ்டேஷன் மிக அருகில்" என்று நோட்டீஸ் அடித்தவர்கள், ஹாரன் சத்தம் அதைவிட அருகில் என்று அடிக்கவில்லை.

மற்றப் பாதி இது: அன்று வாங்கியவர்கள் பார்த்த பாதையும் இன்றைய பாதையும் ஒன்றல்ல. என் சிறுவயதில் இங்கே ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. இரவில் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. எங்கள் நன்னி ரமளானில் ஒரு வண்டியின் சத்தத்தை வைத்தே சஹருக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார்கள். இன்று சென்னையிலிருந்து மதுரை வரை இரட்டைப் பாதை, மின்மயம். தென்மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் இடையே இரவில் ஓடும் பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி என்று பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் திண்டுக்கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். இடையிடையே சரக்கு வண்டிகள். 2023 செப்டம்பரில் நெல்லை–சென்னை வந்தே பாரத் வந்தது. 2024 ஆகஸ்ட் 31 அன்று நாகர்கோவில்–சென்னை, மதுரை–பெங்களூரு வந்தே பாரத்கள் சேர்ந்துகொண்டன. ஊருக்கு இது வளர்ச்சி. பாதையோரத்து வீட்டுக்கு, அமைதியான இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் குறைகிறது.

எவ்வளவு சத்தம் அதிகம்?

நம் நாட்டில் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அந்த விதிகள் வைத்த வரம்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் எனப்படும். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு என்பது 10 மணி முதல் 6 மணி வரை. நம் ஆட்கள் மனுவில் எழுதிய நேரமும் இங்கிருந்து வந்ததுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் ரயில் சத்தத்துக்கென்றே தனியாக ஓர் அளவைச் சொன்னது. இரவுச் சராசரி 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் தூக்கம் கெடும் என்பது அதன் பரிந்துரை. நம் விதிகளிலோ ரயிலுக்கென்று தனி வரம்பு எழுதப்படவில்லை. பொதுவான வரம்பை மட்டும் காட்டி ரயிலை நிறுத்தவும் முடியாது.

டெசிபல் கணக்கில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். அமெரிக்க விதிப்படி ரயில் ஹாரன் 30 மீட்டர் தூரத்தில் குறைந்தது 96, அதிகபட்சம் 110 டெசிபல் இருக்க வேண்டும். 100 டெசிபல் என்றே வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 60 மீட்டரில் 94, 120 மீட்டரில் 88, 240 மீட்டரில் 82. நடுவே சுவரும் கட்டடமும் இருந்தால் இன்னும் குறையும். அப்படியிருந்தும் 45 எங்கே, இது எங்கே?

ஆக, மனு கொடுத்தவர்களின் வேதனை கற்பனை அல்ல. கேள்வி, அதற்கு அவர்கள் கேட்ட மருந்து சரியா என்பதுதான்.

ஹாரன் ஏன் அடிக்கிறார்கள்?

ரயிலிலிருந்து வரும் சத்தம் இரண்டு வகை. ஒன்று, சக்கரமும் தண்டவாளமும் உரசி எழும் ஓட்டச் சத்தம். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பாதையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் அதற்குப் பழகிப்போவதைப் பார்க்கிறோம். மற்றது ஹாரன். திடீரென வரும், தூக்கத்தைக் கிழிக்கும். மனு இதைத்தான் குறிவைத்தது.

ஆனால் லோகோ பைலட் தன் விருப்பத்துக்கு ஹாரன் அடிப்பதில்லை. கேட்டை நெருங்குமுன் பாதையோரத்தில் 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அகலப்பாதையில் அது பொதுவாகக் கேட்டிலிருந்து 600 மீட்டர் தள்ளி நிற்கும். அங்கிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவருக்கு விதி. 110 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 600 மீட்டரைக் கடக்க 20 விநாடியே ஆகும். தண்டவாளத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். பிரேக் போட்டாலும் அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவை. அதாவது ஆளைக் கண்டபிறகு அவரால் செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியம் ஹாரன் அடிப்பதுதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வண்டிகள் முன்பைவிடச் சத்தமில்லாமல் வருகின்றன. மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே இருந்த இணைப்புகள் 'தடக் தடக்' என்று தூரத்திலேயே சொல்லிவிடும். இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். டீசல் எஞ்சினின் உறுமலும் இல்லை. மின்சார வண்டி பக்கத்தில் வரும்வரை பலருக்குத் தெரிவதில்லை. கூடவே இரட்டைப் பாதை. ஒரு வண்டி போய் முடிந்ததும் "போயிருச்சு" என்று காலை வைப்பவருக்கு எதிர்த் திசையில் வரும் இரண்டாவது வண்டி தெரியாது. முதல் வண்டியின் இரைச்சல் அதை மூடிவிடும். ஹாரன் ஒன்றுதான் அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்.

நிறுத்திப் பார்த்த ஊரில் நடந்தது

இரவில் ஹாரனை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். நம் மஹல்லாவாசிகளைப் போலவே அங்கும் மக்கள் முறையிட்டார்கள். 1984இல் மாநில அரசு, ஒரு ரயில் நிறுவனத்தின் பாதையில் இரவுநேர ஹாரனைத் தடைசெய்ய ஊர் நிர்வாகங்களுக்கு அனுமதி தந்தது. அந்தக் கேட்களில் தானியங்கித் தடுப்புகளும் மின்னும் விளக்குகளும் இருந்தன. அப்படியிருந்தும் தடை இருந்த கேட்களில் இரவு விபத்துகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின. 1991இல் அமெரிக்க ரயில்வே ஆணையம் அவசர உத்தரவு போட்டு அத்தடையை நீக்கியது. ஹாரன் திரும்பியது, விபத்துகளும் வெகுவாகக் குறைந்தன.

அமெரிக்கர்கள் அதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். 2005இல் புதிய விதி கொண்டுவந்தார்கள். ஓர் ஊர் ஹாரன் இல்லாத 'அமைதிப் பகுதி' கேட்கலாம். அதற்கு முன்னால் ஹாரன் தந்த பாதுகாப்புக்கு ஈடாக வேறு பாதுகாப்பைச் செய்து காட்ட வேண்டும். சாலையை முழுதாக மூடும் நான்கு தடுப்புகள் போடலாம், வண்டிகள் வளைந்து நுழையாதபடி சாலை நடுவே தடுப்புச் சுவர் கட்டலாம், அல்லது கேட்டையே நிரந்தரமாக மூடலாம். அமைதி இலவசமாகக் கிடைப்பதல்ல. அதற்கான விலையை உயிரால் கொடுக்கக் கூடாது என்பதே அந்த விதியின் சாரம்.

மதரஸாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஃபிக்ஹு விதிகளில் ஒன்று, ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கைக் கொண்டு நீக்கக் கூடாது என்பது. இங்கே நீக்கப்போவது தூக்கக் கேடு. அதன் இடத்தில் வரப்போவது ஜனாஸா. அது சம அளவுத் தீங்குகூட இல்லை, பெருந்தீங்கு.

நம் நாட்டின் கேட்கள்

2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லா கேட் ஒன்றில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாகச் சொல்லப்பட்டது. அதன்பின் வேகம் பிடித்த பணியால், 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் ஆளில்லா கேட்கள் எல்லாம் நீக்கப்பட்டன.

ஆள் இருந்தால் போதுமா? 2025 ஜூலை 8 காலை நம் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அங்கே கேட் கீப்பர் இருந்தார். ஆனால் அது இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட். இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். இல்லாத இடத்தில் எல்லாம் நிலைய அதிகாரிக்கும் கேட் கீப்பருக்கும் இடையே நடக்கும் தொலைபேசிப் பேச்சை நம்பித்தான். அந்த விபத்துக்குப் பிறகுதான் கேட்களில் சிசிடிவி கேமரா வைக்க வேண்டும் என்றும், இன்டர்லாக்கிங்குக்கான வரம்பைக் குறைத்து மேலும் பல கேட்களைக் கொண்டுவர வேண்டும் என்றும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது.

நம் மஹல்லாவிலோ கேட்டையும் தாண்டிய ஒரு பிரச்சினை உண்டு. கேட் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க, தேய்ந்து தேய்ந்து உருவான ஓர் ஒற்றையடிப் பாதை நம் தெரு முனையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் அடிபட்டு மௌத்தான பத்தொன்பது வயதுப் பையனின் ஜனாஸா தொழுகையை நான்தான் நடத்தினேன். காதில் இயர்போன். ஒரு வண்டி போனதும் இறங்கினான், மறு திசையில் மற்றொன்று வந்தது. மனுவைக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய அத்தாவிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் போடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "என் வீட்டுலயும் யாரும் தூங்குறதில்ல ஹஜ்ரத். ஆனா அந்தச் சத்தத்த நிறுத்துங்கன்னு என் கையால எழுத முடியல" என்றார்.

குறுக்கே கடப்பவர்கள் மடையர்களா?

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைவது குற்றம். ஆறு மாதம்வரை சிறை, அல்லது 1000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கடக்கிறார்கள்?

ஒரு நாள் சுப்ஹுக்குப் பிறகு அந்த ஒற்றையடிப் பாதையருகே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பால் வாங்கப் போனவர்கள், பஸ் பிடிக்க ஓடிய வேலையாட்கள், புத்தகப் பையோடு பிள்ளைகள், அந்தப் பக்கத்திலிருந்து நம் பள்ளிவாசலுக்கு வந்து திரும்பிய முதியவர்கள். சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். சுரங்கப்பாதை கட்டிய இடங்களில் ஒரு மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். பல ஊர்களில் இதே கதைதான். ரயில்வே கட்டிக்கொடுத்துவிட்டுப் போகும், தண்ணீரை யார் இறைப்பது என்று உள்ளாட்சியும் ரயில்வேயும் ஒருவரையொருவர் காட்டும். மக்கள் மறுபடி தண்டவாளத்தில் ஏறுவார்கள். அவர்களுக்காக லோகோ பைலட் மறுபடி ஹாரன் அடிப்பார்.

இங்கேதான் நம் மனுவின் பிழை புலப்படுகிறது. சத்தம் ஒரு பிரச்சினை, கடப்பது வேறொரு பிரச்சினை என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றே. மனிதர்கள் தண்டவாளத்தின் மீது நடக்கும்வரை ஹாரன் ஓயாது, ஓயவும் கூடாது. அவர்கள் நடக்க வேறு வழி செய்துவிட்டால் ஹாரனுக்கான தேவை தானாகவே குறையும்.

எதைக் கேட்க வேண்டும், யாரிடம்?

திண்டுக்கல் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வருகிறது. கோரிக்கை போக வேண்டிய முதல் இடம் அந்தக் கோட்ட மேலாளர் அலுவலகம். ஆனால் பாலம் வெறும் ரயில்வே விஷயம் அல்ல. ஒரு கேட்டை மூடுவதற்கு மாநில அரசின், அதாவது மாவட்ட ஆட்சியரின், இசைவு வேண்டும். அணுகுசாலைக்கு நிலம் எடுப்பது மாநில அரசின் வேலை. அதனால் மனுவின் நகல் ஆட்சியருக்கும், மாநகராட்சிக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும்.

எந்தக் கேட்டுக்கு என்ன தேவை என்பதை ரயில்வே ஒரு பெருக்கலை வைத்தே பார்க்கிறது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அந்த எண் 1 லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து மேம்பாலம் கட்டுவது என்பது நெடுங்கால நடைமுறை. செம்மங்குப்பத்துக்குப் பின் இன்டர்லாக்கிங்குக்கான வரம்பு 10 ஆயிரம். 50 ரயில் ஓடும் பாதையில் 200 வாகனம் கடந்தாலே 10 ஆயிரம் வந்துவிடும். "எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்ற மனுவைவிட, மூன்று நாள் உட்கார்ந்து எண்ணிய கணக்கோடு போகும் மனுவுக்குக் கனம் அதிகம். நம் கல்லூரிப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும்.

பொறுமையும் வேண்டும். ஜப்பானின் நகோயாவில் புல்லட் ரயில் பாதையோரம் வாழ்ந்த மக்கள் 1974இல் வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்நாட்டு அரசு புல்லட் ரயிலுக்கென்று குடியிருப்புப் பகுதியில் 70 டெசிபல் என்று வரம்பு வைத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது 1986இல். பன்னிரண்டு ஆண்டு! ஆனால் அவர்கள் கேட்டவை நடைமுறைக்கு ஒத்தவை. ஒலித் தடுப்புச் சுவர், வீடுகளுக்கு ஒலி காப்பு, பாதைப் பராமரிப்பு என்று வரிசைப்படுத்திப் பேச முடிந்தவை. ஜெர்மனி 2020 டிசம்பர் முதல், இரைச்சல் மிகுந்த பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டை உள்ள சரக்கு வேகன்கள் தன் பாதையில் ஓடவே தடைபோட்டது. சக்கரத்தைச் சீராக வைப்பதும், தண்டவாளத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் இரைச்சலைக் குறைக்கும் என்பது ரயில்வே பொறியாளர்களுக்குத் தெரிந்த செய்தி. ஓட்டச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இவற்றைக் கேட்பதில் யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

நம் கையில் உள்ளவை

எல்லாவற்றையும் அரசிடம் விட்டுவிட்டு உட்கார முடியாது. நாமே செய்யக்கூடியவை இருக்கின்றன.

மனை வாங்குமுன் பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஓர் இரவு அங்கே இருந்து பாருங்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று தேவைப்படும் என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள்.

வீடு கட்டுபவர்கள் படுக்கையறையைப் பாதைக்கு மறுபக்கம் வையுங்கள். சமையலறை, குளியலறை, மாடிப்படி பாதைப் பக்கம் இருக்கட்டும். சத்தம் சுவர் வழியாக வருவதைவிடச் சன்னல் இடுக்கு வழியாகவே அதிகம் வரும். பாதைப் பக்கத்துச் சன்னல்களின் இடுக்குகளை அடைத்தாலே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் குழந்தையையும் நோயாளியையும் மறுபக்க அறைக்கு மாற்றுங்கள். மனுவோடு வந்த சகோதரரின் வீட்டில் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான்.

பாதையோரம் நடக்கும்போது பிள்ளைகள் காதில் இயர்போன் இருக்கக் கூடாது. தண்டவாளத்தில் உட்கார்ந்து பேசுவதும், செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். ஒரு வண்டி போனதும் உடனே இறங்காமல் இரு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள்.

நம் ஒலிபெருக்கி

இதைச் சொல்லாமல் முடித்தால் நான் நியாயமானவன் ஆகமாட்டேன். 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் தசரா விழாவைத் தண்டவாளத்தில் நின்று பார்த்த மக்கள்மீது ரயில் பாய்ந்து சுமார் 60 பேர் இறந்தார்கள். பட்டாசுச் சத்தத்தில் ரயில் வந்தது பலர் காதில் விழவில்லை. நாம் எழுப்பும் சத்தம் நம்மைக் காக்கும் சத்தத்தையே மூடிவிடும் என்பதற்கு அது சாட்சி.

ரயில்வேயிடம் 45 டெசிபல் பேசும் நாம், நம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிடம் அதைப் பேசுகிறோமா? பள்ளிவாசலின் வெளி ஒலிபெருக்கியில் ஒரு மணி நேரம் பயான் வைத்தால், அதே இதய நோயாளிக்கும் அதே பச்சைக் குழந்தைக்கும் அதுவும் சத்தம்தானே? சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடுமாறு எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு உள்ள தடையை 2005 தீர்ப்பு உறுதி செய்தது. கோர்ட்டு சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நாம் ஓதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் இப்போது வெளி ஒலிபெருக்கி பாங்குக்கு மட்டும், அதுவும் அளவான ஒலியில், விதித்த நேரத்துக்குள். பயானும் மற்றவையும் உள் ஒலிபெருக்கியோடு நின்றுவிடுகின்றன. சிலருக்கு மனக்குறைதான். ஆனால் மற்றவர்களிடம் அமைதியைக் கேட்கப் போகும்போது நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

புதிய மனு

ஒரு வாரம் கழித்து அதே வாசலில் கூடினோம். வாக்குவாதம் நடந்தது. "பாலம் வர பத்து வருஷம் ஆகும், அதுவரைக்கும் என் பேரப்பிள்ளை தூங்க வேணாமா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, அதை ஒப்புக்கொண்டேன். அந்தப் பையனின் அத்தா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்த பிறகு யாரும் குரலை உயர்த்தவில்லை.

பழைய மனு கைவிடப்பட்டது. புதிதாக எழுதியதில் ஐந்து கோரிக்கைகள்: தெரு முனையில் முதியவர்களும் ஏறக்கூடிய சாய்தளம் கொண்ட நடைமேம்பாலம், அல்லது தண்ணீர் வெளியேறும் ஏற்பாட்டோடு கூடிய சுரங்கப்பாதை. அது முடிந்தபின் இருபுறமும் வேலி. நம் கேட்டில் இன்டர்லாக்கிங் உள்ளதா என்ற எழுத்துப்பூர்வமான பதில், இல்லையென்றால் எப்போது என்ற தேதி. குடியிருப்பை ஒட்டிய நீளத்துக்கு ஒலித் தடுப்புச் சுவரும் தண்டவாளப் பராமரிப்பும். இவை எல்லாம் நிறைவேறியபின் இரவில் ஹாரன் அடிப்பதைக் குறைப்பது பற்றிய ஆய்வு. ஹாரன் கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அடுத்து அந்தப் பையனின் அத்தா போட்டார். பாதையின் மறுபக்கம் வசிக்கும் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களிடமும் போய்க் கேட்டோம். ஹாரன் எல்லார் வீட்டிலும்தான் கேட்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் முதல் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் கேட்டருகே முறைவைத்து உட்கார்ந்து வண்டிகளையும் வாகனங்களையும் எண்ணப் போகிறார்கள்.

வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நம் பிள்ளைகள் தினமும் தாண்டும் அந்த ஒற்றையடிப் பாதையும் அப்படிப்பட்ட ஒரு தொல்லைதான். பாதையோர மஹல்லாக்களில் இருக்கும் சகோதரர்கள் தங்கள் ஊர்க் கேட்டின் கணக்கை எடுத்து, அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு, இப்படியொரு மனுவைக் கொடுங்கள். பாலம் வரும்வரை, பிள்ளைகளைத் தண்டவாளத்தில் இறங்க விடாதீர்கள். அந்த ஹாரன் யாரோ ஒருவரின் பிள்ளைக்காக அடிக்கப்படுகிறது.

வஸ்ஸலாம்.